10 லட்ச ரூபாய் கவர் இருக்கு... ஆட்டோவுக்கு யார் கொடுப்பா?



ஹெல்த் இன்ஷூரன்ஸ்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: “5 லட்சம் போதுமா, 10 லட்சம் எடுக்கணுமா?” நல்ல கேள்விதான். ஆனா வீட்டில் ஒருத்தருக்கு கேன்சர்னு தெரிஞ்சா, இந்தக் கேள்வி பாதிப் பிரச்சினையைத்தான் தொடும். மீதிப் பாதி ஆஸ்பத்திரி பில்லில் வரவே வராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அம்மா தஞ்சாவூரில் இருக்காங்க, சென்னையில் ரேடியேஷன். வாரம் 5 நாள் வீதம் 5 வாரம், மொத்தம் 25 தடவை. தொகைகள் எல்லாம் நான் குறைவா வெச்ச உத்தேசம்.

ரூம் வாடகை 35 நாளுக்கு 700 வீதம்: 24,500.
இரண்டு பேர் சாப்பாடு தினம் 400 வீதம்: 14,000.
ஆட்டோ, போக வர 200 வீதம்: 5,000.
உங்க சம்பளம் 45,000 என்றால், 15 நாள் லாஸ் ஆஃப் பே: 22,500.

ஆகமொத்தம் 66,000 ரூபாய். ரேடியேஷன் பில்லை இன்ஷூரன்ஸ் கட்டிடும். இந்த 66,000-ஐ பெரும்பாலான பாலிசிகள் தொடாது.

இது பணத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. கீமோவில் வாய்ப்புண் வந்து சாப்பிட முடியாதவருக்கு டயட்டீஷியன் வேணும். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கினால் பிசியோதெரபி வேணும். ராத்திரி தூக்கம் வராம பயந்து கிடக்கிறவருக்குப் பேச ஒரு கவுன்சிலர் வேணும். அட்மிட் ஆகாம செய்ற இதெல்லாம் ஓபி செலவு. ஓபி கவர் இல்லாத பாலிசியில் பெரும்பாலும் கிடைக்காது.

இன்னொண்ணு. இதையெல்லாம் நோயாளி வாய் திறந்து கேட்க மாட்டாங்க. “ஏற்கெனவே பிள்ளைக்கு எவ்வளவு செலவு”ன்னு அம்மா வலியைக்கூடச் சொல்லாம இருப்பாங்க. கேட்கலைங்கிறதால தேவை இல்லைன்னு நாமும் நினைச்சுப்போம். அலைச்சல் தாங்காம ரேடியேஷன் நடுவில் விட்டுப்போனா, சிகிச்சையோட பலனே குறையலாம். அப்போ அந்த ஆட்டோ காசும் மருத்துவச் செலவுதானே?

அதனால என் கருத்து இதுதான்: அடிப்படை கவர் 10 லட்சம் எடுத்தாச்சுன்னா, அடுத்து கவரை ஏத்துறதுக்கு முன்னாடி, ‘பராமரிப்பு நிதி’ன்னு தனியா 1 லட்சம் சேருங்க. மாசம் 4,000 போட்டா 25 மாசம். எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கேன்னு கேட்பீங்க. அது வாடகைக்கும் இஎம்ஐக்கும். லாஸ் ஆஃப் பே வர்ற மாசத்தில் அதுக்கே வேலை வந்துடும்.

“கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி மொத்தமா பணம் தருமே?” தரும். ஆனா பரவாத ஆரம்பக் கட்டக் கேன்சருக்குப் பொதுவா அதில் கிளெய்ம் கிடையாது. பாலிசி எடுத்த முதல் 90 நாளுக்குள் கண்டுபிடிச்சாலும் பெரும்பாலும் கிடைக்காது. இருந்தா நல்லது, அதை மட்டும் நம்பாதீங்க.

ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிற சலுகைகளையும் விடாதீங்க:

• ரயில்: சிகிச்சைக்குப் போற கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் 3ஏசியிலும் 100% கட்டணச் சலுகை, துணைக்குப் போறவருக்கு 75%. டாக்டர் சான்றிதழ் வேணும்.

• இஎஸ்ஐ: மாசச் சம்பளம் 21,000 வரை இருக்கிறவங்களுக்கு. இஎஸ்ஐயில் இருக்கிற ஊழியருக்கே கேன்சர் வந்தால், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 2 வருஷம் வரை ஊதியத்தில் 80% கிடைக்கும்.

• வரி: வருமான வரியில், இன்ஷூரன்ஸ் தராம கையிலிருந்து போன சிகிச்சைச் செலவுக்கு 40,000 வரை கழிவு, நோயாளி சீனியர் சிட்டிசன்னா 1 லட்சம் வரை. பழைய வரி முறையில் மட்டும். ரூம் வாடகை, ஆட்டோ இதில் சேராது.

கடைசியா ஒண்ணு. ‘பாலியேட்டிவ் கேர்’னு டாக்டர் சொன்னதும் கை விட்டுட்டாங்கன்னு பதறாதீங்க. வலி, வாந்தி, மனச்சோர்வு எல்லாத்தையும் கவனிக்கிற சிகிச்சை அது. முதல் நாளிலிருந்தே கீமோவோடு சேர்த்து எடுக்கலாம். நீங்களே கேட்டு வாங்குங்க.

இந்த வாரம் உங்க பாலிசியை எடுத்து, ஓபி கவர் இருக்கா, அட்மிஷனுக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் செலவு தராங்கன்னு மட்டும் பாருங்க. இல்லாததை ஒரு பேப்பரில் எழுதுங்க. உங்க பராமரிப்பு நிதிக்கு அதுதான் முதல் பட்ஜெட்.