கூண்டிலிருந்து வந்த கோழிக்கு மறுபடி இறகு முளைக்குமா?

கழுத்தும் நெஞ்சும் மொட்டை. வால் இருக்க வேண்டிய இடத்தில் நாலு குச்சி. பிரிட்டனில் முட்டைப் பண்ணைகளிலிருந்து மீட்கப்பட்ட கோழிகளின் படத்தைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, ‘இதுக்கு ஏதாவது நோயா?’ என்றுதான். பெரும்பாலும் நோய் இல்லை.

கூண்டுக்குத்தான் தடை வந்துவிட்டதே?

பழைய பேட்டரி கூண்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் தடை போட்டது. அன்று பிரிட்டனும் ஒன்றியத்தில் இருந்தது. ஆனால் தடை வந்தது பழைய வகைக்கு மட்டும். கோழி ஒன்றுக்கு 550 சதுர செ.மீ. இருந்த இடம் 750 ஆனது, உட்காரக் கட்டையும் முட்டையிட மறைவிடமும் சேர்ந்தன, அவ்வளவுதான். ஒரு ஏ4 தாளே சுமார் 620 சதுர செ.மீ. வரும். நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எல்லாக் கூண்டுகளையும் ஒழிக்க 2023 இறுதிக்குள் சட்ட முன்மொழிவு வரும் என்று ஐரோப்பிய ஆணையம் 2021-ல் சொன்னது. அந்தக் கெடுவுக்குள் வரவில்லை.

முட்டை குறைந்ததும், ஏறக்குறைய 72 வாரத்திலோ இன்னும் கொஞ்சம் தாண்டியோ, கோழி இறைச்சிக்குப் போகும். அந்தக் கட்டத்தில் கோழிகளை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கும் அமைப்புகளில் முக்கியமானது, 2005-ல் ஜேன் ஹோவர்த் டெவனில் தொடங்கிய பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட்.

இறகு எங்கே போச்சு?

பாதி கம்பியில் உரசிப் போனது, பாதி பக்கத்துக் கோழி கொத்திப் போனது. புதிதாக முளைக்கப் புரதம் வேண்டும். இறகின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம்தான். வருஷத்துக்கு 300 முட்டை போடும் கோழிக்கு அந்தப் புரதம் முட்டைக்கே போய்விடுகிறது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரத்தில் முளைக்க ஆரம்பிக்கும். பாதியில் முறிந்த இறகு அப்படியில்லை. அதன் அடிக்குச்சி அடுத்த இறகுதிர்வு வரை, பெரும்பாலும் இலையுதிர் காலம் வரை, தோலிலேயே இருக்கும். அதனால்தான் ஒரே நாளில் வந்த இரண்டு கோழிகளில் ஒன்று இரண்டு மாதத்தில் பளபளன்னு ஆகிடும், இன்னொன்று அப்படியே நிற்கும். இறகுதிரும்போது முட்டை நின்றால் பயப்பட வேண்டாம், அது நல்லதுதான்.

என்ன செய்யணும்?

16, 17 சதவீதப் புரதமுள்ள முட்டைக்கோழித் தீவனம் போதும். பண்ணையில் தூள் தீவனம் தின்று பழகியதால், குருணைத் தீவனத்துக்கு மெதுவாக மாற்றணும். பாவம் என்று ரொட்டியும் சோளமும் அள்ளிப் போட்டால் வயிறு நிறையும், புரதம் குறையும். மொட்டைத் தோல் வெயிலில் பொசுங்கும், நிழல் வேண்டும். புதுக் குருத்திறகுக்குள் ரத்தம் ஓடும். அது உடைந்தால் ரத்தம் வரும், சிவப்பைப் பார்த்ததும் மற்றவை கொத்த வரும். அதனால் அடிக்கடி தூக்கிக் கொஞ்சாதீர்கள். மரக் கொட்டகையின் இடுக்குகளில் பகலில் ஒளிந்து, ராத்திரி ரத்தம் குடிக்கும் செஞ்செள்ளையும் பார்க்கணும்.

கம்பளி ஸ்வெட்டர் போட்ட கோழிப் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அது கோழி இறகு கோதுவதைத் தடுக்கும், முளைக்கிற குருத்தில் உரசும். குளிர்காற்று நேராக வீசாத, ஈரமில்லாத கொட்டகை போதும்.

இறகு வந்துட்டா குணமாயிடுச்சா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. அதன் மூதாதையான காட்டுக்கோழி வருஷத்துக்குச் சில முட்டை அடைகளோடு நிறுத்திக்கொள்ளும். பண்ணைக்கோழியின் நெஞ்செலும்பு முறிவும் முட்டைப்பாதைக் கோளாறும் புது இறகுக்கு அடியில் மறைந்திருக்கும். முட்டையிடுவதை நிறுத்த சில கால்நடை மருத்துவர்கள் ஹார்மோன் வில்லையைத் தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். அதன் பலன் சில மாதங்கள்தான். நன்றாக இறகு மூடிய கோழி திடீரென்று வாலைத் தொங்கவிட்டு, பெங்குயின் மாதிரி நிமிர்ந்து நடந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.