இரண்டு எஞ்சின், ஒரே தாங்கி



இம்மாதம் அடுப்படியை விட்டுக் கொஞ்சம் கடலுக்குப் போவோம். "படகும் எஞ்சினும் ஆண்கள் பாடு, நமக்கேன்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். படகில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தானே!

சென்ற விடுமுறையில் யாழ்ப்பாணம் போயிருந்தோம். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் பயணிகள் படகு ஓடுகிறது. அதிலிருந்த கூட்டத்தைப் பார்த்த நானா, கண்ணாடியிழைப் படகொன்றை வாடகைக்குப் பேசினார். பின்புறம் இரண்டு எஞ்சின்கள் பூட்டியிருந்தன. "ஒன்று நின்றாலும் மற்றது கொண்டுபோய்ச் சேர்க்கும். பயப்படாமல் ஏறு தங்கச்சி" என்றார். நானும் நம்பி ஏறினேன்.

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் ஒரு எஞ்சின் இருமியது. சற்று நேரத்தில் மற்றதும் இருமியது. பிறகு இரண்டும் நின்றுவிட்டன. படகு மெல்லத் திரும்பி, அலைக்குப் பக்கவாட்டாகக் கிடந்து ஆடத் தொடங்கியது. சின்னவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உயிர்காப்பு அங்கிகள் இல்லாமலில்லை. எல்லாம் அணியத்தில் ஒரு சாக்கினுள் கட்டுண்டு கிடந்தன!

படகோட்டித் தம்பி கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப்போனான். எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், முன்பு கடற்றொழில் செய்தவர், "முதலில் நங்கூரத்தைப் போடு மகன்" என்றார். ஆழம் குறைந்த கடல் அது. நங்கூரம் பிடித்ததும் படகின் தலை அலையை நோக்கித் திரும்பியது, ஆட்டமும் குறைந்தது. அதன்பின் எண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர்க் குமிழைப் பார்த்தார். சப்பையாக ஒட்டிப்போயிருந்தது. தாங்கியின் மூடியிலுள்ள சிறு திருகாணியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. குமிழ் பழையபடி உப்பியது. அது கல்லுப்போல் இறுகும்வரை பிசைந்துவிட்டுக் கயிற்றை இழுக்க, எஞ்சின் கிளம்பிவிட்டது.

இது நமக்குத் தெரியாத வித்தையா? ரின்பாலில் ஒரு துளை மட்டும் போட்டால் பால் ஒழுங்காக வருமா? காற்றுப் போக இன்னொரு துளை வேண்டும். தாங்கியும் அப்படித்தான். காற்றுவழி மூடியிருந்தால் எஞ்சின் சிறிது நேரம் ஓடும், பிறகு எண்ணெயை உறிஞ்ச முடியாமல் மூச்சடைத்துப் போகும்.

நானாவின் கணக்கு பிழைத்தது இங்கேதான். எஞ்சின் இரண்டு, ஆனால் இரண்டும் குடித்தது ஒரே தாங்கியில். காற்றுவழி அடைத்தாலும், எண்ணெயில் தண்ணீர் கலந்தாலும் இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் தாங்கி, தனிக் குழாய் இருந்தால்தான் அது உண்மையில் இரட்டை எஞ்சின்.

அந்தக் குமிழ் நோயாளியின் நாடியைப் போல. சப்பிப்போனால் தாங்கிப் பக்கம் அடைப்பு. எவ்வளவு பிசைந்தும் இறுகாவிட்டால் எண்ணெய் தீர்ந்திருக்கும், அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. இறுகியிருந்தும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓடும்போது எஞ்சினின் பக்கத்தில் மெல்லிய நீர்த்தாரை ஒன்று பாயும். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். குளிர்நீர் போகும் வழியில் சாதாளையோ சொப்பிங் பையோ அடைத்திருக்கும்.

1990களின் முற்பகுதியில், ஆனையிறவுப் பாதை மூடியிருந்தபோது, குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடலை இரவில் கடந்தார்கள். மோட்டர் பூட்டிய ஒரு வள்ளத்தின் பின்னால் பல வள்ளங்களைக் கயிற்றால் கோத்து இழுத்துப் போவதுண்டு. அந்த ஒரு எஞ்சின் நின்றால் அத்தனை குடும்பங்களும் இருட்டில் நிற்க வேண்டியதுதான். 1990 அக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர் பலரும் படகேறித்தான் கல்பிட்டிக் கரையை அடைந்தார்கள். கடலில் இத்தனை பட்டும், அந்தக் குமிழ் எதற்கென்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

திரும்பி வரும்போது தம்பி என் மூத்த மகளிடம் கைபிடிகளைக் கொடுத்தான். இடது எஞ்சினை முன்னுக்கும் வலதைப் பின்னுக்கும் மெதுவாகப் போட்டால் படகு நின்ற இடத்திலேயே வலப்பக்கம் சுற்றுகிறது! ஒன்றை நிறுத்தியும் ஓட்டிக் காட்டினான். நின்ற எஞ்சினின் பக்கமாகவே படகு இழுபடும். எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். நின்றதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டால் இழுவை குறையும். ஓடுவதை முழு வேகத்தில் விரட்டக் கூடாது. முழுப் பாரமும் அதன் தலையில்தானே! எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது கட்டாயம். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும்.

படகைக் கட்டிவைக்கும்போது அந்தத் திருகாணியை மூடுவது நல்ல பழக்கந்தான். காலையில் திறக்க மறந்ததே கோளாறு. தம்பி இப்போது மூடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறான். யோசனை என் மகளுடையது.