வேலியைப் பிடுங்கிட்டு எதைக் காக்கப் போறீங்க?

எங்க ஊர்ப் பக்கம் இப்ப ஒரு வார்த்தை ரொம்பப் புழங்குது. "காட்டைக் கிளீன் பண்ணியாச்சு." காடுன்னா இங்க மானாவாரி நிலம். கிளீன் பண்றதுன்னா, ஜேசிபியைக் கூட்டிவந்து நாலு பக்க வேலியையும் வேரோட புரட்டி, குவிச்சுத் தீ வச்சு, கல்தூண் நட்டு முள்கம்பி இழுக்கிறது. பாக்கிறவங்களும் "இப்பத்தான்யா நிலம் பளிச்சுன்னு இருக்கு"ங்கிறாங்க. எனக்கு மொட்டையடிச்ச தலை மாதிரித்தான் தெரியுது. அதுவாவது கோயில் மொட்டைன்னா மூணு மாசத்துல முடி வந்துரும். நாப்பது வருஷ வேலி அப்படி வராது.

என் நிலம் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் மலையடிவாரத்துல. மூணு ஏக்கர் சொச்சம். முருங்கை, தக்காளி, கொஞ்சம் சோளம். வீடும் அங்கேயே. சுத்தி நிக்கிறது அப்பா காலத்துக் கிளுவை வேலி. மழைக்கு முன்னால குச்சியை வெட்டி ஊனுனா போதும், அதுபாட்டுக்குத் துளிர்க்கும். கோடையில இலையெல்லாம் கொட்டி செத்த கட்டையாட்டம் நிக்கும், ஒரு மழை விழுந்தா பச்சை புடிச்சிரும். ஆட்டுக்குத் தழையும் அதுதான்.

"வேலின்னா வெறும் முள்ளுதானே" என்கிறவங்க ஒருநாள் காலையில வந்து என் வேலி ஓரமா நடந்து பாக்கட்டும். கிளுவைக்கு நடுவுல சங்கஞ்செடி, சூரை, காரை. அது மேல கோவை, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, தூதுவளை. சளிக்குத் தூதுவளை, மூட்டு வலிக்கு முடக்கத்தான், துவையலுக்குப் பிரண்டை. கடையில காசு குடுத்து வாங்கினதில்ல.

கோவைப்பழம் சிவந்தா கொண்டைக்குருவி வரும். கீழே சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்க ஏழெட்டு தவிட்டுக்குருவி ஒண்ணாச் சேர்ந்து வரும். அதுங்க திடீர்னு ஒரே இடத்தைப் பாத்துக் கத்தினா, அங்க பாம்பு இருக்குன்னு அர்த்தம். காவல்காரனுக்குச் சம்பளம் குடுத்தாலும் இந்த வேலை செய்யமாட்டான். செம்போத்து நத்தை, புழு, குட்டிப்பாம்பு வரைக்கும் தின்னும். கரிச்சான் பறந்து பறந்து பூச்சி பிடிக்கும். கீரி, சாரைப்பாம்பு ரெண்டும் எலிக்கு எமன்.

முருங்கை விவசாயிங்க இதைக் கவனமா படிங்க. முருங்கைப் பூவுல காலையில வந்து உக்கார்ற பெரிய கருவண்டு இருக்கே, மகரந்தம் சேர்க்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு. அது குடியிருக்கிறது பட்டுப்போன கட்டையில ஓட்டை போட்டு. அந்தக் கட்டையெல்லாம் வேலியிலதான் கிடக்கு. கட்டையைக் கொளுத்திட்டு, பூ பிஞ்சு பிடிக்கலைன்னு மருந்துக்கடையில போய் நின்னா என்ன நியாயம்?

இனி தேவாங்கு விஷயத்துக்கு வர்றேன். கால் கிலோ சுமார்தான் இருக்கும், ரெண்டு கண்ணு மட்டும் பெருசு. ராத்திரிதான் நடமாட்டம். பெரும்பாலும் பூச்சிதான் சாப்பாடு. இதைப் பாத்தாலே ஆகாதுன்னும், கண்ணை எடுத்தா மருந்துன்னும் கதை கட்டிக் கொன்னாங்க. 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கிற உசிரு இது. 2022 அக்டோபர்ல கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேர் வனத்தை கடவூர் தேவாங்கு சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்சது. நல்ல காரியம், சந்தோஷம்.

ஆனா தேவாங்குக்கு எல்லைக்கல் படிக்கத் தெரியாது. பாரஸ்ட்டை ஒட்டின பட்டா நிலத்துலயும் அது இருக்கு. தரையில இறங்கி நடக்கிறதுக்கு அஞ்சும் பிராணி அது. கிளைக்குக் கிளை தொட்டுத் தொட்டுத்தான் போகும். எங்க கிழக்கு வேலிதான் அதுக்கு ரோடு. மலைப்பக்கத்துப் புளியமரத்துல இருந்து கிணத்தடிப் புங்கமரம் வரைக்கும் வேலி மேலயே வரும். டார்ச் அடிச்சா ரெண்டு நெருப்புத் துண்டு மாதிரி கண்ணு தெரியும். வேலியை எடுத்துட்டா, அந்த ரோட்டைத் தோண்டிப் போட்ட மாதிரி. அங்கிட்டு இருக்கிறது அங்கிட்டு, இங்கிட்டு இருக்கிறது இங்கிட்டு. தரையில இறங்குனா நாய்.

வேலியை எடுக்கச் சொல்றவங்க சொல்ற காரணங்களையும் பாத்துருவோம்.

"பாம்பு வரும்." வரும்தான், இல்லைங்கல. பாம்பு எலிக்காக வருது. எலி தானியத்துக்கும் குப்பைக்கும் வருது. வேலியை எடுத்தா எலி போயிருமா? எலியைத் தின்ன சாரையும் கீரியும்தான் போகும். வீட்டைச் சுத்தி பத்தடி சுத்தமா வச்சுக்கங்க, ராத்திரி செருப்பும் டார்ச்சும் இல்லாம வெளிய போகாதீங்க. வயசான என் அம்மாவுக்கும் இதைத்தான் சொல்றேன்.

"நிலம் வீணாகுது." நாலடி போகுதுதான். அந்த நாலடி காத்தைத் தடுக்குது, வரப்பு மண்ணைப் பிடிக்குது, ஆட்டுக்குத் தழை குடுக்குது. காங்கேயம் பக்கம் கொறங்காட்டுல போய்ப் பாருங்க. கிளுவை வேலியை நம்பித்தான் மாட்டை அவுத்து விட்டிருக்காங்க. அவங்களுக்கு நிலத்தோட அருமை தெரியாதா?

"சீமைக்கருவேலம் மண்டிருச்சு." அதை வெட்டுங்க, யார் வேணாம்னா? 2017-ல கோர்ட்டு சீமைக்கருவேலத்தை எடுக்கச் சொன்னப்ப, அதே சாக்குல எங்க ஊர்ல வெள்வேலமும் உடையும் சேர்ந்து போச்சு. முள்ளு இருக்கிறதெல்லாம் சீமைக்கருவேலம் இல்ல. ஜேசிபிக்கு வித்தியாசம் தெரியாது, ஓட்டச் சொல்றவனுக்காவது தெரியணும்.

அதிகாரிகளுக்கும் ஒரு கேள்வி. சூரியசக்தி மின்வேலிக்கு மானியம் குடுக்கிறீங்க. உயிர்வேலி வச்சுக் காப்பாத்துறவனுக்கு மானியம் வந்ததா எங்க ஊர்ல நான் பாத்ததில்ல. பூச்சி புடிக்க விளக்குப்பொறி மாட்டச் சொல்றீங்க, பூச்சி தின்ன குருவி இருக்கிற வேலியைப் பத்தி ஒரு கூட்டத்துலயும் பேசுறதில்ல. சரணாலயத்தை ஒட்டின ஊர்கள்ல முதல்ல இதைத்தான் பேசியிருக்கணும்.

இதையெல்லாம் இப்ப ஏன் எழுதுறேன்னா, எங்க கிழக்குப் பக்கத்து நிலம் கைமாறிருச்சு. அந்த வேலி ரெண்டு பேருக்கும் பொது. வாங்கினவர் டவுன் ஆளு. தை பிறந்ததும் ஜேசிபி வருதுன்னு சொல்லி விட்டிருக்கார். அவரு போன்ல இதையெல்லாம் படிக்கிறவர்னு கேள்வி. அதனால நேராவே சொல்றேன்.

தம்பி, உங்க நிலம், உங்க காசு. கம்பி வேலி போடுங்க, வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. கிளுவையை விட்டு ஒதுங்கி உங்க பக்கமா இழுங்க. அதுல உங்களுக்குப் போற இடத்துக்கு ஈடா, தெற்கு மூலையில என் பக்கத்துல இருந்து அதே அளவு விட்டுத் தர்றேன். சர்வேயரைக் கூப்பிடுங்க, கையெழுத்துப் போடுறேன். கல் ஊனுற செலவு உங்களுது, வேலியைக் கவாத்து பண்ற வேலை என்னுது. அதுக்கு முன்னால ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச்சோட வாங்க. எதை வெட்டப் போறோம்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.