நீங்க என்ன ஆளுங்க? வாடகை வீட்டு வாசலில் நிற்கும் சாதி

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம் சம்பளச் சீட்டுக்கு முன்பாகவே சாதி கேட்கப்படுகிறது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்கள் சுற்றி வளைப்பார்கள். சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? லவ் மேரேஜா, வீட்டில் பார்த்ததா? கறி சமைப்பீர்களா? ஐந்து கேள்விக்கும் தேடும் விடை ஒன்றுதான்.

நான் சென்னைக்கு வந்து பதினோரு ஆண்டுகளில் ஆறு வீடு மாறியிருக்கிறேன். ஒரு முறை டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, சாவி வாங்கும் நாளையும் பேசி முடித்தாயிற்று. ஆதார் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். அதில் 'காலனி' என்று முடியும் என் ஊர் முகவரி இருந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்காரரே போன் செய்து, அண்ணன் மகன் ஊரிலிருந்து குடிவரப் போவதாகச் சொல்லிப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்தும் அந்த வாசலில் டு-லெட் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் சொல்லை நீக்கினாலும், அந்தச் சொல்லைத் தேடிப் படிக்கும் கண் அங்கேயேதான் இருக்கிறது.

இது நூறாண்டு பழைய கதை. 1917இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அங்கிருந்த இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் ஒருவர். மனைவியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். "வீட்டுல கேட்டுச் சொல்றேன் தம்பி" என்று இன்று நமக்குச் சொல்லப்படும் அதே பதில்!

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு வாதம் வந்து நிற்கும். 'என் வீடு, என் விருப்பம். பிடித்தவருக்குக் கொடுப்பேன். இதில் சட்டம் எங்கே வந்தது?' முற்போக்கு பேசும் நண்பர்களே கூட இந்த இடத்தில் தயங்குகிறார்கள். தனியார் சொத்து என்றதும் ஒரு பக்தி வந்துவிடுகிறது.

ஓட்டலும் தனியார் சொத்துதான். 'பிராமணாள்' என்ற பலகையை 1957இல் திருவல்லிக்கேணி ஓட்டலிலிருந்து இறக்கப் பெரியார் மறியல் நடத்தியபோதும் 'என் கடை, என் விருப்பம்' என்ற குரல் இருந்தது. அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், தங்கும் விடுதி ஆகியவற்றில் சாதி பார்ப்பதைத் தடுக்கிறது. இவை பெரும்பாலும் தனியாருடையவையே. அதில் வரும் 'கடை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அரசியலமைப்பு அவையில் கேட்டபோது, சேவை தர முன்வருகிற எவரையும் குறிக்கும் விரிந்த பொருளில்தான் அது ஆளப்படுகிறது என்று அம்பேத்கர் விளக்கினார். ஒருவர் தன் மாடியில் தானே குடியிருக்கும்வரை அது அவர் வீடு. வாசலில் பலகை மாட்டி, மாதம் பதினைந்தாயிரம் என்று விலை சொன்ன பிறகு அது வியாபாரம். வியாபாரம் செய்கிறவர் வாடிக்கையாளரின் சாதியைக் கேட்கக் கூடாது என்பதை ஓட்டலுக்கு ஒப்புக்கொண்ட சமூகம், வீட்டுக்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறது?

சட்டமே இல்லை என்பதும் உண்மையல்ல. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம் என்று 4ஆம் பிரிவில் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால் அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், மறுத்து நிரூபிப்பது எதிராளியின் வேலை என்கிறது 12ஆம் பிரிவு. நம் கையில் இருக்கும் வலுவான பிரிவுகள் இவை. ஆனால் தண்டனை? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும். இந்த அபராதத் தொகை 1976 திருத்தத்தில் வந்தது. புரோக்கர் வீட்டைக் காட்டக்கூட இன்று அதைவிட அதிகம் கேட்கிறார். வாடகைக்கு மறுத்ததற்காக இந்தச் சட்டத்தில் வழக்கு போடலாம் என்பது என் நண்பர்கள் வட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. காவல் நிலையத்தில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இப்போது வாடகைக்கென்றே உள்ள சட்டத்துக்கு வருவோம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடித்தனக்காரரைத் துரத்தக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சாதியின் பேரில் வீடு மறுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெயரிலேயே உரிமையைச் சுமக்கும் சட்டம், வீட்டுக்குள் நுழைந்தவரின் உரிமையைப் பேசுகிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் அதன் கண்ணில் வாடகைதாரரே அல்ல. 2021இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்திலும் இதே மௌனம்தான்.

உள்ளே நுழைந்தவருக்காவது முழுப் பாதுகாப்பு உண்டா? அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிற 11ஆம் பிரிவு, வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர என்ற சொற்களோடுதான் தொடங்குகிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் நடமாடுகிறது. சட்டம் வரும் முன்பே எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் குடியிருந்தவர்கள், குறித்த காலத்துக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். போடத் தவறினால் அதுவே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் என்கிறது 21ஆம் பிரிவு. ஒப்பந்தம் போட மறுத்தது யார் என்று அந்த வாசகம் கேட்பதில்லை.

இந்த ஓட்டைகள் எல்லோருக்கும் பொதுவானவைதானே, இதில் சாதி எங்கே என்று கேட்கலாம். பத்து வீடு பார்த்தால் எட்டு வீடு கிடைக்கிறவர் பேரம் பேசுவார். பத்தில் ஒன்று கிடைக்கிறவர் சொன்ன வாடகையைக் கொடுப்பார். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்தால் வாயைத் திறக்க மாட்டார். வீட்டு இணைப்புக்கு இலவச யூனிட் உண்டு என்று தெரிந்தும், வீட்டுக்காரர் போடும் யூனிட் கணக்குப்படி கரண்டு பில் கட்டுவார். வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டை எங்கே தேடுவது என்ற பயம் அவருக்கு இருக்கும். தலித்துகளும் இஸ்லாமியர்களும் சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களும் மாதாமாதம் கட்டும் சாதி வரி இது. இதற்கு ரசீது கிடையாது.

வீட்டுக்காரர் தரப்பையும் பார்க்காமல் விட முடியாது. எல்லோரும் பங்களா முதலாளிகள் இல்லை. ஓய்வுபெற்ற பணத்தில் மாடி எழுப்பி, அந்த வாடகையில் மருந்து வாங்குகிறவர்கள் உண்டு. வாடகை பாக்கி வைத்துவிட்டு நகர மறுத்தவரோடு பழைய சட்டத்தில் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைந்தவர்களும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அதற்குத்தான் புதிய சட்டம் வழி வைத்திருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகை, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல் எல்லாமே காலி செய்யக் கேட்பதற்கான காரணங்கள். வேலையை விசாரிக்கட்டும், முந்தைய வீட்டுக்காரரிடம் கேட்கட்டும், ஒப்பந்தம் போடட்டும். ஒருவர் வாடகையை ஒழுங்காகக் கொடுப்பாரா என்பதை அவருடைய குலதெய்வம் எப்படிச் சொல்லும்?

'சைவம் மட்டும்' என்பது இந்த வடிகட்டியின் நாகரிகப் பெயர். மாமிச வாடை ஆகாது என்கிறார்கள். கீழ்த்தளத்தைப் பிரியாணிக் கடைக்கு விட்டுவிட்டு மாடிக்கு 'வெஜ் ஒன்லி' என்று எழுதிய கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன். கடை வாடகையில் வாடை அடிப்பதில்லை போலும். பார்ப்பனர்களைக் குறை சொல்லிவிட்டு இங்கே நின்றுவிடவும் முடியாது. மதுரையிலும் கோவையிலும் நெல்லையிலும் வீடு தேடிய தலித் நண்பர்களைத் திருப்பி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கறி சமைக்கும் இடைநிலைச் சாதி வீட்டுக்காரர்கள். அங்கே 'சைவம்' என்ற திரைகூடத் தேவைப்படவில்லை. "நம்ம ஆளுங்களுக்குத்தான் விடுறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஓட்டலிலிருந்து இறங்கிய பலகை சூத்திர வீட்டின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது.

தனியார் கைவிட்டவர்களை அரசு எங்கே வைக்கிறது? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட உழைக்கும் மக்களை, அதிலும் பெருமளவில் தலித் மக்களை, வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பல கிலோமீட்டர் தள்ளி அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த கிராமத்து வரைபடத்தை நகரத்தில் வீட்டுக்காரர்களும் அரசும் சேர்ந்து மறுபடி வரைகிறார்கள்.

மாற்ற முடியாததா? நம் நாடாளுமன்றமே எழுதிக் காட்டியிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்கு வாடகை வீடு மறுப்பதைப் பாகுபாடு என்று 2017 சட்டமும், திருநருக்கு மறுப்பதைப் பாகுபாடு என்று 2019 சட்டமும் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. அமெரிக்கா 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், நிறத்தின் பேரில் வீடு மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிரிட்டனும் கொண்டுவந்தது. அந்த ஒரு வரியை வாடகைச் சட்டத்தில் எழுத, சமூகநீதி மண் என்று பெயர் வாங்கிய தமிழ்நாட்டுக்கு என்ன தடை?

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. சாதி, மதம், திருமண நிலை, உணவு ஆகியவற்றின் பேரில் வாடகைக்கு மறுப்பதும், அப்படி விளம்பரம் செய்வதும் குற்றம் என்று 2017 சட்டத்தில் திருத்தம் வேண்டும். வீட்டுக்காரருக்கு மட்டுமல்லாமல் புரோக்கருக்கும் செயலிக்கும் அது பொருந்த வேண்டும். புகாரை விசாரிக்க வாடகை அதிகாரிக்கு அதிகாரமும், மறுத்தவரே காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பும் வேண்டும். அட்வான்ஸ் உச்சவரம்பிலுள்ள ஓட்டையை அடைக்க வேண்டும். ஒப்பந்தம் போட மறுக்கும் வீட்டுக்காரருக்கு அபராதம் வேண்டும். நகரத்துக்குள்ளேயே அரசு வாடகைக் குடியிருப்புகள் வேண்டும்.

திருத்தம் வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு. மறுத்தால் காரணத்தை வாட்ஸப்பில் கேளுங்கள். பதிலையும் விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்களை மறுத்த வீட்டை வேறு பெயருள்ள நண்பர் ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். அவருக்குக் கிடைத்தால் அது சாட்சி. அதை வைத்து 1955 சட்டத்தில் புகார் கொடுங்கள். பத்துப் பேர் பத்து ஊரில் கொடுத்தால், தூங்கும் அந்தப் பிரிவு எழுந்து உட்காரும்.

இதைப் படிக்கும் பலருடைய வீட்டில் மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு இருக்கும். அங்கே குடியேற வந்தவரிடம் உங்கள் அப்பாவும் அம்மாவும் என்ன கேட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அம்பேத்கர் படத்தை டி.பி.யாக வைத்திருக்கும் தோழரே, அடுத்த முறை அந்தப் போர்ஷன் காலியாகும்போது வருகிறவரிடம் பேசப்போவது யார்? நீங்களே போய்ப் பேசுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதைச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அதற்கு மேல் எதுவும் கேட்காதீர்கள்.