இடியப்ப உரலுக்கும் ஒரு கைபிடி வேணும்

பாஸ்டா மெஷினை மேசை ஓரத்தில் இறுக்கிப் பூட்டுகிறோம். முதல் மாவை ஓடவிட்டு எண்ணெய்ப் பிசுக்கோடு எறிகிறோம். துருப்பிடிக்குமென்று தண்ணீர்கூடக் காட்டாமல் பிரஷ்ஷால் துடைத்துப் படம் போடுகிறோம். லைக் குவிகிறது.

சொறிக்கல்முனைப் பக்கம் விடியுமுன் இடியப்பம் பிழியும் பெண்களின் மணிக்கட்டுக்கு யார் லைக் போட்டோம்? வெந்நீரில் குழைத்த அரிசிமா ஆறினால் இறுகிவிடும். பிறகு உரலை முழு உடம்பாலும் அமுக்க வேண்டும். அந்த மெஷினில் அரிசிமாவை விட்டால் பிய்ந்துதான் வரும், கோதுமையின் இழுவை அதற்கில்லை. ஆனால் கைபிடியைச் சுற்றினால் தானே பிழியும் திருகு உரல் கடையில் இருக்கிறதே! அதைக் கேட்டால், "உம்மா கையாலதானே பிழிஞ்சா?" என்கிறோம். உம்மாவுக்குக் கை கடுத்ததா என்று கேட்டோமா?

ஆண்களே, நாளை சுபஹு தொழுதுவிட்டு வந்து உரலை நாம் அமுக்குவோம். பத்துத் தட்டு போதும். பதினோராவது தட்டுக்கு முன் கடைக்கு ஓடுவோம்.