பெட்டி பேசுது, காசு யார் கணக்குல போகுது?

ஆர்ச் கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கும்பகோணம் ரோட்டு ஓரத்துல எங்க வீட்டுக்காரம்மா போடுற கடையைப் பத்தி முன்னாடியே இங்க எழுதியிருக்கேன். கடைன்னதும் பெரிசா நினைச்சுடாதீங்க. நாலு கழி, ஒரு தார்ப்பாய், ஒரு தராசு. சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் பலாப்பழமும் சுளையும். மத்த மாசத்துல முந்திரிப்பருப்பு, கொஞ்சம் வேர்க்கடலை. வாங்குறவங்க பாதிப்பேர் டவுன்ஷிப் ஆளுங்க, மீதிப்பேர் சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் கார்ல போறவங்க. வண்டிய நிறுத்தினதும் விலையைக் கேக்குறதுக்கு முன்னாடியே கேக்குற கேள்வி, "ஜிபே இருக்காம்மா?"

இருக்கு. ஆனா அது வந்த கதையில நான் ஒரு பெரிய தப்பு பண்ணினேன். உங்கள்ல யாராவது ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஸ்கேனர் வச்சுக் குடுக்கிற யோசனையில இருந்தா, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதுன்னு அறிவிச்சப்ப எங்க கடையில ஸ்கேனரும் இல்லை, ஒண்ணும் இல்லை. அந்த மாசம் பருப்பு வாங்கினவங்களுக்குக் கடனுக்குத்தான் குடுத்தோம். அப்புறம் கம்பெனிப் பசங்க ஒருத்தன் மாத்தி ஒருத்தன் வர ஆரம்பிச்சாங்க. ஒருத்தன் ஸ்கேனர் அட்டை சும்மா தர்றேன்னான். இன்னொருத்தன் பேசுற பெட்டி, மாச வாடகை நூறு ரூபாய்க்கு மேலன்னான். மூணாவது ஆள் கார்டு தேய்க்கிற மெஷினே வச்சுக்கோங்க, டவுன்ஷிப்ல எல்லார்கிட்டயும் கிரெடிட் கார்டு இருக்குன்னான். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன், கணக்கு நல்லா வரும். அந்தத் திமிர்ல நோட்டை எடுத்து வச்சுக் கணக்குப் போட்டேன்.

கணக்கு சரியாத்தான் வந்துச்சு. யுபிஐ மூலமா, வங்கிக் கணக்குல இருந்து நேரா வர்ற காசுக்குக் கடைக்காரன் கட்டணம் கட்ட வேண்டாம். 2020 ஜனவரி 1-ல இருந்து அப்படித்தான், ரூபே டெபிட் கார்டுக்கும் அதே சலுகை. மத்த டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி ஒரு உச்சவரம்பு வச்சிருக்கு. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள்ள வியாபாரம் பண்ற சின்னக் கடைக்கு, மெஷின்ல தேய்ச்சா நூத்துக்கு 40 காசுக்கு மேல பிடிக்கக்கூடாது. கிரெடிட் கார்டுக்கு அந்த மாதிரி வரம்பு கிடையாது. என்கிட்ட வந்த பையன் சொன்னது நூத்துக்கு ரெண்டு ரூபாய், அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம்.

தீபாவளிக்கு ஒரு சார் பத்து கிலோ பருப்பு பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கி கிரெடிட் கார்டைத் தேய்க்கிறார்னு வைங்க. இருநூறு கட்டணம், முப்பத்தாறு வரி. கொட்டை வாங்கி, வறுத்து, உடைச்சு, தோல் நீக்கித் தர்ற கூலியெல்லாம் போக ஒரு கிலோவுக்கு எனக்கு நிக்கிறது அறுபது ரூபாய். அப்ப நாலு கிலோவோட லாபம் கார்டுக்கே போச்சு. பெரிய கடைக்காரர் அதை விலையில ஏத்திடுவார். ரோட்டோரத்துல நான் ஏத்தினா அடுத்த கடையில போய் நிப்பாங்க. அதனால மெஷின் வேணாம், ஸ்கேனரும் பேசுற பெட்டியும் போதும்னு முடிவு பண்ணினேன். அந்த முடிவு இன்னிக்கும் சரின்னுதான் சொல்வேன்.

தப்பு எங்கன்னா, அந்தப் பையன் "எந்த பேங்க் அக்கவுண்ட் சார்?"னு கேட்டப்ப, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம என் பாஸ்புக்கை நீட்டினேன்.

அதே வங்கியிலதான் என் பயிர்க்கடன் இருந்துச்சு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சது உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். மறுபடி கன்னு வச்சு, அது காய்க்கிற வரைக்கும் கடலை போட்டு, அதுக்குக் கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன்னு ஓடுச்சு. ஒரு வருஷம் தவணை தள்ளிப்போச்சு. அந்த சித்திரையிலதான் வீட்டுக்காரம்மா முப்பதும் ஐம்பதுமா சுளை வித்த காசு அந்தக் கணக்குல சேர்ந்துக்கிட்டே இருந்தது. பெட்டி நாள் பூரா பேசுச்சு, அதுக்கு ஒரே சந்தோஷம். ஆனி மாசம் கொல்லைக்காரருக்குப் பழத்துக்குக் காசு குடுக்கணும்னு எடுக்கப் போனா, கணக்குல இருந்த 41 ஆயிரமும் கடன் பாக்கியில வரவு வச்சாச்சுன்னாங்க.

வங்கி மேல குத்தம் சொல்ல முடியாது. கடன் வாங்கினது நான். பாக்கி இருந்தா அதே ஆள் கணக்குல இருந்து எடுத்துக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா அந்தக் காசு என் காசு இல்லையே. அது வெயில்ல உட்கார்ந்து, கையில எண்ணெய் தடவிக்கிட்டு, பாலோட போராடி சுளை எடுத்தவளோட காசு. காகிதமா இருந்தா அவ சுருக்குப் பையில இருந்திருக்கும், எந்த வங்கியும் தொட்டிருக்காது. ஸ்கேனர் அட்டையை மாட்டின அன்னிக்கு அவ வருமானத்தை என் பேருக்கு மாத்தி எழுதிட்டேன். அது எனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல. அவ ஒண்ணும் சத்தம் போடல. "பெட்டி என்கிட்ட பேசிட்டு, காசை உங்களுக்குக் குடுத்திருக்கு"ன்னா. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் யார் ஸ்கேனர் வைக்கணும்னு கேட்டாலும் கட்டணத்தைப் பத்தி நான் கடைசியிலதான் பேசுறேன். கடையில உட்கார்றது யாரு, கணக்கு அவங்க பேர்ல இருக்கா? அந்த வங்கியில அவங்களுக்குக் கடன் பாக்கி இருக்கா? இதைத்தான் முதல்ல கேக்குறேன். எங்க ரோட்டுல பத்துக் கடையில ஏழு கடை பொம்பளைங்க நடத்துறது. அட்டையில பேர் புருஷன் பேரா இருக்கும், இல்லாட்டி சென்னையில வேலை பார்க்கிற பையன் பேரா இருக்கும். பையன் நல்லவன்தான். ஆனா அம்மா தன் காசுக்குப் பையனுக்குப் போன் பண்ணிக் கேக்கணும். நகரத்துல இருக்கிற பிள்ளைங்க கோவிச்சுக்காதீங்க, உதவி பண்றதா நினைச்சுத்தான் செய்றீங்க.

அடுத்தது, பெட்டிக்குப் பின்னாடி எந்த வங்கி நிக்குது. பெட்டி மேல எழுதியிருக்கிற பேரை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க. 2020 மார்ச் 5-ஆம் தேதி யெஸ் வங்கிக்குத் தடை வந்ததும் ஃபோன்பே நின்னுபோச்சு, அப்ப அதுக்குப் பின்னாடி இருந்தது அந்த வங்கிதான். வேற வங்கியைப் பிடிச்சுச் சீக்கிரமே எழுந்துட்டாங்க, சரி. 2024 ஜனவரி 31-ல பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு அதைவிடப் பெரிசு. முதல்ல பிப்ரவரி 29 வரைக்கும்னு கெடு, அப்புறம் மார்ச் 15-க்குத் தள்ளிவச்சாங்க. அதே நீலப் பெட்டியை வச்சிருந்து, காசு வேற வங்கிக் கணக்குக்குப் போற மாதிரி வச்சிருந்தவங்களுக்குச் சிக்கல் இல்லை. அந்த வங்கியிலேயே கணக்கு வச்சிருந்தவங்கதான் வேற கணக்கு மாத்த அலைஞ்சாங்க. ஒரே ரோட்டுல, ஒரே பெட்டி வச்சிருந்த ரெண்டு கடைக்கு ரெண்டு கதை.

காசு என்னிக்குக் கைக்கு வரும்ங்கிறதும் இருக்கு. சில ஸ்கேனர்ல உடனே கணக்குல ஏறும், சிலதுல மறுநாள். கார்டு மெஷின் காசு நடுவுல லீவு வந்தா இன்னும் தள்ளிப் போகும். எங்களுக்கு வியாபாரமே ஞாயித்துக்கிழமைதான். சாயங்காலம் பழம் இறக்கிய ஆளுக்குக் கூலி குடுக்கணும், நாளைக்கு வாங்கிக்கோன்னா அடுத்த நாள் அவன் வரமாட்டான். அதனால பாதிக்காசு நோட்டா வர்றது எங்களுக்கு நல்லதுதான். ஜிபே இல்லாட்டி பழம் வேணாம்னு வண்டிய எடுக்குற சார்மார்கிட்ட இதை மெதுவா சொல்லி வைக்கிறேன்.

இப்ப வீட்டுக்காரம்மா பேர்ல, ஊர்லயே கிளை இருக்கிற வேற வங்கியில கணக்கு. ஸ்கேனர் வியாபாரக் கணக்கா எடுத்தோம். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐல சேர்த்து வச்சிருக்கிறவங்க அப்பத்தான் எங்களுக்குக் கட்ட முடியும், தனிநபர் ஸ்கேனர்ல அது போகாது. சின்னக் கடைன்னா இரண்டாயிரம் ரூபாய் வரைக்கும் அதுக்குக் கட்டணமும் இல்லை. பெட்டி வாடகையை நான் தண்டச் செலவுன்னு சொல்லமாட்டேன். "போட்டாச்சும்மா"ன்னு போனைத் தூக்கிக் காட்டிட்டுக் காசு போடாம போனவங்களை ஒரே சீசன்ல மூணு தடவை பார்த்தவ அவ. பெட்டி தமிழ்ல சொன்னாத்தான் இப்ப பையை நீட்டுறா. மாசம் ஒருதரம் பாஸ்புக்கை அவளே வங்கிக்கு எடுத்துட்டுப்போய் பதிஞ்சுட்டு வர்றா. எவ்வளவு இருக்குன்னு நான் கேக்குறதில்லை.

போன மாசம் புதுசா ஒரு பையன் கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு கார்டு மெஷினோட வந்தான். நான் வாயைத் திறக்கல. அவதான் கேட்டா: "எந்த பேங்குப்பா? ஞாயித்துக்கிழமை வித்தது எப்ப வரும்? காசு வரலைன்னா நான் யார் வீட்டுக் கதவைத் தட்டணும்?" அவன் மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேம்மான்னு ரெண்டு சுளை வாங்கித் தின்னுட்டுப் போனான். இன்னும் வரல.