மா புளிக்காத வீடு

தோசைக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒரு வரியைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள்: அரைத்த மாவை வெதுவெதுப்பான இடத்தில் எட்டு மணித்தியாலம் வையுங்கள், பொங்கி வரும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இது ஒரு பிரச்சினையே இல்லை. குசினி மூலையில் மூடி வைத்தால் விடியும்போது சட்டி நிறைந்து நிற்கும். புளிப்புக் கூடிவிடுமோ என்பதுதான் அங்கே கவலை. நுவரெலியா, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பக்கம் லயத்துக் காம்பராவில் இருப்பவர்களுக்கு அந்த வரி ஒரு கேலிப்பேச்சு. வெதுவெதுப்பான இடத்துக்கு நாங்கள் எங்கே போவது?

மா பொங்கவில்லை என்றால் உடனே அறிவுரை வரும். உழுந்து பழசு. அளவு பிழை. அப்பச்சோடா போடுங்க. கொழும்புச் சொந்தக்காரர் முதல் யூடியூப் அக்காமார் வரை எல்லோரும் அரைத்த பெண்ணின் கையில்தான் குறை காண்கிறார்கள். பிழை கையில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்கிறோம் நாங்கள்.

உழுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டு வருகிற லக்டிக் அமில பக்டீரியாக்களும் ஈஸ்ட்டும்தான் மாவைப் புளிக்க வைக்கின்றன. அவை விடும் காபனீரொட்சைட்டை உழுந்தின் பசை பிடித்து வைத்துக்கொள்ள, மா எழும்புகிறது. 30 பாகை செல்சியஸ் அளவில் இந்த வேலை ஒரு இரவில் முடிந்துவிடும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 10க்கும் கீழே இறங்கும், சில விடியல்களில் புல்லில் உறைபனி கிடக்கும். அந்தக் குளிரில் பக்டீரியா சாவதில்லை, சோர்ந்து கிடக்கிறது. ஒரு இரவு வேலை இரண்டு நாளுக்கு இழுபடுகிறது.

எங்கள் அம்மாமாருக்கு இது தெரியாமலா? இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். உழுந்தோடு கொஞ்சம் வெந்தயம் ஊறப்போடுவார்கள். போன முறை மாவில் ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்து கலப்பார்கள். பிறகு சட்டியைப் பழைய கம்பளியால் சுற்றி, அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கிட்ட வைத்தால் ஒரு பக்கம் வெந்துவிடும், எட்ட வைத்தால் எழும்பாது. அந்த இடைவெளி எவ்வளவு என்பது அவர்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே தொல்லை இருக்கிறது. ஏல் வகைப் பீருக்கு 18 முதல் 22 பாகை வரை வேண்டும், வீடு குளிர்ந்தால் ஈஸ்ட் வேலையை நிறுத்திவிடும். அவர்கள் வாளியைச் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் வைக்கிறார்கள், மின்சார வெப்பப் பட்டி சுற்றுகிறார்கள், வெப்பமானி ஒட்டிப் பார்க்கிறார்கள். அதைத் தொழில்நுட்பம் என்று புத்தகம் போடுகிறார்கள். கம்பளி சுற்றி வைக்கிற எங்கள் பெண்ணுக்கோ கைராசி இல்லை என்ற பேர்தான் மிச்சம்.

இந்தக் குளிரை நம்பித்தான் வெள்ளைக்காரர் இங்கே மலையேறினார்கள். 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறினார். குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில் பீர் கெட்டுப்போகாமல் வடிக்க இந்தக் குளிரும் மலைத் தண்ணீரும் தோதாக இருந்ததால் நகரத்தில் வடிசாலையும் வந்தது. துரை பங்களாவில் குளிர்காயும் அடுப்பும் புகைபோக்கியும் வைத்துக் கட்டினார்கள். அதே மலையில் தொழிலாளிக்குக் கட்டிய லயத்தில் 10க்கு 12 அடிக் காம்பரா, மேலே தகரம், சீலிங் இல்லை, புகைபோக்கி இல்லை. குளிர் தெரியாமல் கட்டியதில்லை இது. யாருக்குக் குளிரும் என்று பார்த்துக் கட்டியது. இன்றைக்கும் ‘குட்டி இங்கிலாந்து’ என்று படம் போட்டு ரசிக்கிறவர்கள் பங்களாப் பக்கத்துக் குளிரைத்தான் ரசிக்கிறார்கள்.

காம்பராவில் சூடு தருவது விறகடுப்பு ஒன்றுதான். தேயிலை மிலாறு எரிகிற அந்தச் சூட்டில்தான் மா புளிக்கிறது, பிள்ளைகள் குளிர் காய்கிறார்கள். அந்தப் புகையைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். காஸ் அடுப்பு வாங்கினால் புகை போகும், கூடவே சூடும் போகும்.

மலையகத்தாருக்கு ரொட்டிதான் கலாசாரம் என்று சொல்வதும் பாதி உண்மைதான். ரொட்டியையும் சம்பலையும் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் விடிய நாலு மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையை வெளிக்கிடுத்தி, கொழுந்துக்குப் போகிற பெண்ணுக்குப் புளிக்கக் காத்திருக்கத் தேவையில்லாத மா எது என்று யோசித்துப் பாருங்கள். கலாசாரம் என்று நாங்கள் சொல்வதில் கொஞ்சம் வீட்டின் குளிரும் இருக்கிறது.

சம்பளமும் காணியும் இழுபறியில் கிடக்கும்போது தோசைக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்பார்கள். மாவுக்கே ஆகாத குளிர் கைக்குழந்தையின் நெஞ்சுக்கு ஆகுமா? மூட்டுவலிக்கார ஆச்சிக்கு ஆகுமா? மா பேசாமல் இருந்து காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது 550 சதுர அடி வீடு கட்டுகிறார்கள். வரட்டும், வேண்டியதுதான். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். அன்றிலிருந்து பேச்செல்லாம் எண்ணிக்கையில்தான் நடக்கிறது. அந்த வீட்டுக்குள் ஜனவரி இரவில் எத்தனை பாகை என்று ஒரு மேடையிலும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. தகரத்துக்குக் கீழே சீலிங், அடுப்புக்கு மேலே புகைபோக்கி, காற்று நுழையாத கதவு ஜன்னல். இவை ஆடம்பரமில்லை. துரைக்குக் கட்டும்போது இவையெல்லாம் யாருக்கும் ஆடம்பரமாகத் தெரியவில்லை.

அடுத்த முறை வீட்டுத் திட்டம் என்று கூட்டம் போட வருகிறவர்களிடம் மாதிரி வீட்டில் ஒரு இரவு வெப்பமானியைத் தொங்கவிடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஒரு சட்டி மாவையும் வையுங்கள். காலையில் இரண்டையும் அவர்களே பார்க்கட்டும்.